மாறுகொளக் கூறல்

நன்னூலின் பாயிரம் ஒரு நூலுக்கு ஆகாத பத்துக் குற்றங்களைச் சொல்கிறது. அவற்றுள் நான்காவது மாறுகொளக் கூறல். முன்னே சொன்ன ஒன்றைப் பின்னே சொல்வது மறுத்துவிடுவது. இதை நடத்தும்போதெல்லாம், அவரவர் படித்த நூலிலிருந்து ஒவ்வொரு குற்றத்துக்கும் ஓர் எடுத்துக்காட்டுக் கொண்டு வாருங்கள் என்று மாணவர்களிடம் சொல்வேன். பெரும்பாலும் பாடநூலிலிருந்தே கொண்டு வருவார்கள். சிலர் செய்தித்தாளிலிருந்து, அரசியல்வாதிகளின் பேச்சிலிருந்து. சிரிப்பும் சத்தமுமாக அந்த வகுப்பு முடியும்.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு மாணவன் குர்ஆனிலிருந்து எடுத்துக்காட்டுகள் கொண்டு வந்தான். கைப்பேசியில் பட்டியலாக வைத்திருந்தான். வசன எண்களை ஒன்றன்பின் ஒன்றாக வாசித்தான். மொத்தம் பதினாறோ பதினேழோ. மூன்றாவது பெஞ்சில் புர்கா அணிந்த இரண்டு பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். அவன் வாசிக்க வாசிக்க அவர்களுடைய தலை குனிந்துகொண்டே போனதைப் பார்த்தேன். நான் அவனை நிறுத்தவில்லை. முடித்ததும் 'நன்று' என்றும் சொன்னேன். அந்த ஒரு சொல்லுக்காகத்தான் இந்தக் கட்டுரையை எழுதுகிறேன்.

வகுப்பு முடிந்து படியிறங்கும்போது அந்த இருவரில் ஒருத்தி பின்னால் வந்தாள். 'மேம், ஒண்ணு கேக்கலாமா' என்றாள். 'முப்பத்தெட்டாவது அதிகாரத்துல ஊழைவிடப் பெருசு எதுவும் இல்லன்னு வருது. அறுபத்திரண்டாவது அதிகாரத்துல சோர்ந்து போகாம முயற்சி பண்றவங்க ஊழையே தோக்கடிச்சிடுவாங்கன்னு வருது. நீங்கதான் நடத்துனீங்க. அது மாறுகொளக் கூறல் இல்லையா மேம்?' குரலில் கோபம் இல்லை. உண்மையிலேயே பதில் வேண்டும் என்ற குரல். 'அது வேற, உரையில அதுக்கு விளக்கம் இருக்கு' என்று சொல்லத் தொடங்கி, பாதியில் நிறுத்திக்கொண்டேன். என் ஆய்வுப்பட்டமே உரைமரபில்தான். திருக்குறளுக்கு ஒரு பரிமேலழகர் இருக்கலாம் என்றால், அவள் வீட்டு நூலுக்கு மட்டும் ஏன் இருக்கக்கூடாது? அங்கே மட்டும் ஏன் உரை இல்லாமல் வசனத்தை நேரடியாக எடுத்துக் கையில் வைத்துக்கொண்டேன்?

நான் பிறந்து வளர்ந்தது நாகரசம்பட்டியில். பெரியார் பெயரைத் தாங்கிய பள்ளிக்கூடம் இருக்கும் ஊர். எங்கள் வீட்டில் சாமி படம் கிடையாது. புராணங்களில் ஓரிடத்தில் சொன்னதும் மறு இடத்தில் சொன்னதும் பொருந்தாமல் போவதைப் பட்டியல் போட்டுச் சொல்வதில் அப்பாவுக்கு அத்தனை மகிழ்ச்சி. திண்ணையில் உட்கார்ந்து அவர் அடுக்கும்போது நாங்கள் கைதட்டிச் சிரிப்போம். முரண்பாட்டைக் கண்டுபிடிப்பது எங்கள் வீட்டில் ஒரு விளையாட்டு, ஒரு விடுதலையும்கூட. அந்த விடுதலையில்தான் நான் படித்தேன், சாதி பார்க்காமல் மணந்தேன், கவிதை எழுதினேன். அதை நான் இன்றும் மறுக்கவில்லை. ஆனால் அப்பா சிரித்தது அவர் பிறந்த மதத்தைப் பார்த்து, அவரை மிதித்த மேல்சாதியின் நூல்களைப் பார்த்து. என் வகுப்பில் அந்த மாணவன் வாசித்த பட்டியல் எந்தத் திண்ணையிலிருந்து வந்தது? கேள்வி ஒன்றாகவே இருந்தாலும், கேட்பவர் நிற்கும் இடம் மாறினால் அதன் எடை மாறிவிடுகிறது. அன்று எனக்கு அது உறைக்கவில்லை.

அந்தப் பெண்ணின் கேள்விக்குப் பதில் தேடித்தான் நான் முதல் முறையாகக் குர்ஆனைத் தமிழில் முழுதாக வாசித்தேன். 1940களில் அப்துல் ஹமீது பாகவி செய்த மொழிபெயர்ப்பிலிருந்து தொடங்கி இன்று பல மொழிபெயர்ப்புகள் தமிழில் கிடைக்கின்றன. முதலில் என்னை நிறுத்தியது, இந்த நூல் தன்னைப் பற்றியே வைக்கும் ஒரு சவால். நான்காவது அத்தியாயம், 'அன்னிஸா', அதாவது 'பெண்கள்'. அதன் 82ஆம் வசனம், மக்கள் இதைச் சிந்தித்துப் பார்க்க மாட்டார்களா, இது இறைவன் அல்லாதவரிடமிருந்து வந்திருந்தால் இதில் நிறைய முரண்பாடுகளைக் கண்டிருப்பார்களே என்ற பொருளில் பேசுகிறது. முரணின்மையைத் தன் உண்மைக்குச் சான்றாக வைக்கும் நூல், தன்னைச் சோதித்துப் பார்க்கும் உரிமையை வாசிப்பவருக்குக் கொடுத்துவிடுகிறது. சிந்திக்காதே என்று அந்த வசனம் சொல்லவில்லை. அந்த வசனம் இடம்பெற்றிருப்பது 'பெண்கள்' என்று பெயரிட்ட அத்தியாயத்தில் என்பதையும் குறித்துக்கொள்ள விரும்புகிறேன்.

அதே அத்தியாயத்தில்தான் தமிழ்நாட்டு முஸ்லிம் பெண்களின் வாழ்க்கையை நேரடியாகத் தொடும் இரண்டு வசனங்கள் இருக்கின்றன. மூன்றாவது வசனம், அனாதைகளுக்கு நீதி செய்ய முடியாது என்று அஞ்சினால் உங்களுக்கு உகந்த பெண்களில் இருவரையோ மூவரையோ நால்வரையோ மணந்துகொள்ளலாம், ஆனால் அவர்களிடையே நீதியாக நடக்க முடியாது என்று அஞ்சினால் ஒருத்தி போதும் என்கிறது. 129ஆம் வசனம், நீங்கள் எவ்வளவு விரும்பினாலும் மனைவியரிடையே நீதியாக நடக்க உங்களால் இயலாது என்கிறது. ஒன்றையடுத்து மற்றொன்றை வைத்தால், நிபந்தனையோடு அனுமதி. பின்பு அந்த நிபந்தனையே நிறைவேறாது என்ற அறிவிப்பு. தருக்கம் படித்த யாரும் கேட்பார்கள்: அப்படியானால் அனுமதி எங்கே மிஞ்சுகிறது?

இந்தக் கேள்வியை நான் முதலில் கேட்டது புத்தகத்திலிருந்து அல்ல, எங்கள் தெருவிலிருந்து. ஆனால் அப்போது அது கேள்வி என்று எனக்குப் புரியவில்லை. நாங்கள் 'ஆபா' என்று கூப்பிடும் ஓர் அக்கா தெருக்கோடியில் இருந்தார். வீட்டில் உருது, வெளியில் தமிழ். தையல் மெஷின் வைத்து ஊருக்கே ஜாக்கெட் தைத்துக்கொடுப்பவர். எட்டாம் வகுப்பு வரை தமிழில் படித்தவர். அரபியை எழுத்துக்கூட்டி அழகாக ஓதுவார். ஓதியது என்ன என்று அவருக்குத் தெரியாது. கிருஷ்ணகிரிப் பக்கத்தில் உருது பேசும் வீடுகளில் பல பெண்களின் நிலை இதுதான். ஓதுவது ஒரு மொழி, பேசுவது ஒரு மொழி, படிப்பது ஒரு மொழி. வேதத்தில் முரண் உண்டா இல்லையா என்ற கேள்வி எழ வேண்டுமென்றால் முதலில் அதன் பொருள் கைக்கு வர வேண்டும். அவருக்கு அது தமிழ் வழியாக வந்தது. யாரோ ஒரு திருமணத்தில் அன்பளிப்பாகத் தந்த தமிழ்க் குர்ஆனை மெஷின் மேசையின் மேல் துணியில் சுற்றி வைத்திருந்தார். ஒரு நாள் பிரித்துப் படிக்கத் தொடங்கினார்.

அவர் கணவர் பெங்களூரு லாரியில் போனவர். அங்கேயே இன்னொரு குடும்பம் வைத்துவிட்டார் என்ற செய்தி வந்தபோது ஆபாவுக்கு முப்பது வயதுகூட இருக்காது. கையில் இரண்டு குழந்தைகள். பஞ்சாயத்துக்குப் போனார்கள். போனது ஆபாவின் அண்ணன். ஆபா வெளியில் மரத்தடியில் நின்றார். உள்ளே இருந்தவர்கள் மூன்றாவது வசனத்தைச் சொல்லி அனுப்பினார்கள். ஆபா உள்ளே சொல்லி அனுப்பினார்: நூற்றிருபத்தொன்பதைப் படிச்சீங்களா? பதில் வந்தது. மூன்றாவதில் சொன்ன நீதி சோறு, துணி, வீடு, முறைவைத்த இரவுகள் பற்றியது, அது மனிதனால் முடியும். பின்னதில் சொன்ன நீதி மனத்தின் அன்பு பற்றியது, அது யாராலும் முடியாது, அதற்கு இறைவன் யாரையும் பிடிப்பதில்லை. ஆகவே இரண்டு வசனத்துக்கும் முரண் இல்லை.

பல ஆண்டுகள் கழித்து நான் நூல்களில் தேடியபோது தெரிந்தது, அன்று மரத்தடிக்கு வந்த பதில் ஏதோ ஓர் ஊர்ப் பெரியவர் வாய்க்கு வந்ததைச் சொன்னதல்ல. நூற்றாண்டுகளாக விரிவுரையாளர்கள் பெரும்பான்மையும் சொல்லி வரும் விளக்கம் அதுதான். 129ஆம் வசனமே தொடர்ந்து, ஒருத்தியின் பக்கம் முழுதும் சாய்ந்து மற்றவளை அந்தரத்தில் தொங்கவிடாதீர்கள் என்று சொல்வதை அவர்கள் சான்று காட்டுகிறார்கள். இலக்கணப்படி குறை சொல்ல முடியாத விளக்கம். எங்கள் உரையாசிரியர்கள் பார்த்திருந்தால் மெச்சியிருப்பார்கள். ஆனால் ஆபா என்னிடம் சொன்னது இது: 'கண்ணு, அவங்கோ சொன்னதுல தப்பு இல்ல. ரெண்டு ஆயத்தும் சரியாப் பொருந்திடுச்சி. நான்தான் எதுலயும் பொருந்தாம வெளியில நிக்கறேன்.'

வேதத்தின் முரணைத் தீர்ப்பது என்பது யாருக்கும் செலவில்லாத அறிவு வேலை அல்ல. தீர்த்த பிறகு அந்தச் செலவு யார் கணக்கில் எழுதப்படுகிறது என்று பார்க்க வேண்டும். அதே இரண்டு வசனங்களைச் சேர்த்து வாசித்து, நீதி இயலாது என்று வேதமே சொல்வதால் அனுமதியும் இல்லை என்ற முடிவுக்கு வந்தவர்களும் இஸ்லாத்துக்குள் இருக்கிறார்கள். எகிப்தில் முகம்மது அப்துஹு பலதார மணத்தைக் கட்டுப்படுத்த வேண்டும் என்று வாதிட்டார். 1956இல் துனிசியா தன் குடும்பச் சட்டத்தில் பலதார மணத்தைத் தடை செய்தது; அதற்கு இந்த வாசிப்பையும் ஆதாரமாகக் காட்டியது. இரண்டு வாசிப்புகளிலும் முரண் தீர்ந்துவிடுகிறது. ஒன்றில் அனுமதி மிஞ்சுகிறது, மற்றொன்றில் மனைவி மிஞ்சுகிறாள். நூல் இரண்டுக்கும் இடம் கொடுக்கிறது. எதை எடுப்பது என்று முடிவு செய்தவர்கள் உள்ளே உட்கார்ந்திருந்தார்கள், ஆபா வெளியில் நின்றார்.

இன்னோர் எடுத்துக்காட்டு. இரண்டாவது அத்தியாயத்தின் 234ஆம் வசனம், கணவனை இழந்தவள் நான்கு மாதம் பத்து நாள் காத்திருக்க வேண்டும் என்கிறது. 'இத்தா' என்று நம் ஊர்களில் சொல்வது. 240ஆம் வசனம், இறப்பவர்கள் தம் மனைவியருக்கு ஓராண்டுக் காலம் வீட்டிலிருந்து வெளியேற்றாமல் பராமரிப்புக் கிடைக்க ஏற்பாடு செய்ய வேண்டும் என்கிறது. இதைப் பெரும்பான்மை அறிஞர்கள் 'நஸ்க்' என்ற கொள்கையால் தீர்த்தார்கள். முன்பு இறங்கிய ஒரு கட்டளையைப் பின்பு இறங்கிய கட்டளை நீக்கிவிடும் என்பது அந்தக் கொள்கை. நூலின் வரிசையில் 240 பின்னால் வந்தாலும் இறங்கிய காலத்தில் அது முந்தியது, எனவே 234 அதை நீக்கியது என்றார்கள். ஓராண்டுப் பராமரிப்புக்குப் பதிலாகத்தான் மனைவிக்குக் கால் பங்கோ, பிள்ளைகள் இருந்தால் எட்டில் ஒரு பங்கோ வாரிசுரிமை கிடைத்துவிட்டதே என்பது அவர்கள் தரப்பு. ஆனால் முஜாஹித் என்ற தொடக்க கால விரிவுரையாளர் வேறு விதமாகச் சொன்னதும் பதிவாகியிருக்கிறது. நான்கு மாதம் பத்து நாள் அவளுடைய கடமை. ஓராண்டு அவளுடைய உரிமை. விரும்பினால் தங்கலாம், விரும்பினால் போகலாம். இரண்டு வசனமும் நிற்கும், ஒன்று மற்றொன்றை நீக்கவில்லை. இந்த வாசிப்பு பெரும்பான்மையாகியிருந்தால், கணவன் செத்த வீட்டிலிருந்து துணிமூட்டையோடு வெளியேற்றப்பட்ட எத்தனை பெண்களுக்கு ஓராண்டுக் கூரை கிடைத்திருக்கும்!

எத்தனை வசனங்கள் இப்படி நீக்கப்பட்டவை என்பதிலும் அறிஞர்கள் ஒத்துப்போகவில்லை. பழைய காலத்தில் நூற்றுக்கும் மேல் எண்ணியவர்கள் உண்டு. பதினைந்தாம் நூற்றாண்டின் சுயூத்தி அதை ஏறத்தாழ இருபதாகக் குறைத்தார். பதினெட்டாம் நூற்றாண்டில் டெல்லியின் ஷா வலியுல்லாஹ் ஐந்து போதும் என்றார். ஒன்றுகூட இல்லை என்று சொன்னவர்களும் இருக்கிறார்கள். நூல் ஒன்றே. எழுத்து மாறவில்லை. வாசிப்பவரின் திறனும் காலமும் மாற, முரணின் எண்ணிக்கை நூறிலிருந்து ஐந்தாகிறது. முரண் நூலில் மட்டும் இருக்கும் பொருள் அல்ல என்பதற்கு இதைவிட வேறு சான்று எனக்கு வேண்டியதில்லை.

இந்த முரணின்மை என்ற ஆயுதத்தை வரலாற்றில் மிகக் கூர்மையாகக் கையாண்டவர்களில் ஒரு பெண்ணும் உண்டு. நபியின் மனைவி ஆயிஷா. வீட்டார் அழுவதால் இறந்தவர் தண்டிக்கப்படுகிறார் என்று நபி சொன்னதாக ஓர் அறிவிப்பு அவர் காதுக்கு வந்தபோது, ஒருவர் சுமையை மற்றொருவர் சுமக்க மாட்டார் என்று குர்ஆன் சொல்கிறதே, இது எப்படிப் பொருந்தும் என்று அதை மறுத்தார். அழுவது பெரும்பாலும் பெண்கள்தாம் என்பதை நினைத்துக்கொண்டால், அந்த மறுப்பின் அருமை கூடுதலாகத் தெரியும். ஆயிஷா இப்படித் தோழர்களைத் திருத்திய இடங்களை மட்டும் தொகுத்துப் பதினான்காம் நூற்றாண்டில் ஸர்கஷி என்ற அறிஞர் ஒரு தனி நூலே செய்தார். மொராக்கோவின் பாத்திமா மெர்னிஸ்ஸி நம் காலத்தில் அந்த மரபைத்தான் கையில் எடுத்தார். பெண்ணுக்கு எதிரான அறிவிப்புகளை யார் சொன்னார், எப்போது சொன்னார், ஏன் சொன்னார் என்று மரபின் சொந்த அளவுகோலாலேயே விசாரித்தார்.

குர்ஆனின் 58ஆம் அத்தியாயத்தின் பெயரே 'வாதிடும் பெண்' என்று பொருள்படும். மரபு அவள் பெயரைக் கவ்லா என்று சொல்கிறது. கணவன் அவளைப் பார்த்து, நீ எனக்கு என் தாயின் முதுகைப் போன்றவள் என்று சொல்லிவிட்டான். அன்றைய அரபு வழக்கத்தில் அது மனைவியை விலக்கும் சூத்திரம். விலக்கப்பட்டவள் மறுமணமும் செய்ய முடியாமல், வாழவும் முடியாமல் நிற்பாள். அவள் நபியிடம் போய் முறையிட்டாள். நீ அவனுக்கு விலக்கப்பட்டவள்தான் என்ற பதில் வந்தது. அவள் திரும்பிப் போகவில்லை. என் இளமையை அவனுக்குக் கொடுத்தேன், குழந்தைகளைப் பெற்றுக்கொடுத்தேன், இப்போது எங்கே போவேன் என்று மீண்டும் மீண்டும் வாதிட்டாள். உன்னிடம் வாதிட்டவளின் சொல்லை இறைவன் கேட்டுவிட்டான் என்ற பொருளில் அந்த அத்தியாயம் தொடங்குகிறது. மனைவி தாயாகிவிட முடியாது, பெற்றவளே தாய் என்று அந்த வழக்கத்தை அது கண்டிக்கிறது. சொன்னவன்மேல் பரிகாரத்தையும் சுமத்துகிறது. ஒரு பெண் விடாமல் கேட்டதால் சட்டம் மாறியது என்று வேதமே பதிவு செய்துவைத்திருக்கிறது.

இதை வாசித்த இரவில் எனக்கு மணிமேகலை நினைவுக்கு வந்தாள். வஞ்சி நகரில் அளவைவாதி முதல் பூதவாதி வரை சமயக் கணக்கர் ஒவ்வொருவரிடமும் அவரவர் கொள்கையைக் கேட்டு ஆராய்ந்தவள். தமிழில் பல சமயங்களின் தருக்கத்தை ஒரு பெண்ணின் செவி வழியாகச் சொல்லும் காப்பியம் அது என்று மேடைதோறும் பெருமைப்படுகிறோம். ஆனால் அவள் அங்கே பெண்ணாகப் போகவில்லை. இளம்பெண் என்றால் யாரும் உண்மைப் பொருளைச் சொல்ல மாட்டார்கள் என்று முன்பே எச்சரிக்கப்பட்டு, மந்திரத்தால் ஒரு மாதவனின் வடிவம் எடுத்துக்கொண்டு போனாள். கவ்லா தன் சொந்த உடம்போடு, சொந்தக் குடும்பப் பிரச்சினையோடு போனாள். இந்த இரண்டு காட்சிகளையும் என் மாணவிகளிடம் சேர்த்தே வைக்கிறேன். எந்த மதம் உயர்ந்தது என்று காட்ட அல்ல. விவாதிக்கும் உரிமைக்கு ஆண் வடிவம் ஏன் தேவைப்படுகிறது என்று கேட்கத்தான். கவ்லாவின் நூலைக் கையில் வைத்திருக்கும் சமூகத்திலும் ஆபா மரத்தடியில்தானே நிற்க நேர்ந்தது.

அந்த மரத்தடியை விட்டு உள்ளே வர முயன்றவர்கள் தமிழ்நாட்டில் உண்டு. புதுக்கோட்டையின் தாவூத் ஷரீபா கானம், ஜமாத்துகளில் பெண்ணின் வழக்கு பெண் இல்லாமலேயே தீர்க்கப்படுகிறது என்று சொல்லி, 2000களின் தொடக்கத்தில் தமிழ்நாடு முஸ்லிம் பெண்கள் ஜமாத்தை உருவாக்கினார். பெண்களுக்கென ஒரு பள்ளிவாசல் வேண்டும் என்றார். தீபா தன்ராஜ் 2011இல் அவர்களைப் பற்றி ஆவணப்படம் எடுத்தார். அங்கே வரும் பெண்கள் வேதம் வேண்டாம் என்று சொல்லவில்லை. வேதத்தில் எங்களுக்கு என்ன இருக்கிறது என்று முழுதும் படித்துச் சொல்லுங்கள் என்றார்கள். இரண்டாவது அத்தியாயத்தின் 229ஆம் வசனம் தலாக்கை ஒன்றன்பின் ஒன்றாக, இடைவெளியோடு சொல்கிறதே, ஒரே மூச்சில் மூன்று எங்கிருந்து வந்தது என்று கேட்டார்கள். 2017 ஆகஸ்ட் 22 அன்று ஷாயரா பானோ வழக்கில் உச்ச நீதிமன்றம் மூன்றுக்கு இரண்டு என்ற பெரும்பான்மையில் அந்த முத்தலாக்கைச் செல்லாததாக்கியது. குர்ஆனுக்கு முரணான ஒன்று ஷரீஅத்தாக முடியாது என்பது அந்தப் பெரும்பான்மையில் ஒரு நீதிபதியின் வழி.

ஆனால் நீதிமன்றம் வேதத்தைப் புரட்டுவதும் எனக்கு முழு நிம்மதி தரவில்லை. 1985இல் ஷா பானோ வழக்கில், விலக்கப்பட்ட பெண்களுக்குப் பராமரிப்புத் தருவது இறையச்சம் உள்ளவர் கடமை என்னும் 2:241ஐ எடுத்துக்காட்டி அவருக்கு ஜீவனாம்சம் உண்டு என்று தீர்ப்பு வந்தது. எங்கள் வேதத்துக்குப் பொருள் சொல்ல நீங்கள் யார் என்ற எதிர்ப்பு எழுந்தது. 1986இல் புதிய சட்டம் வந்தது. 2001இல் டேனியல் லத்தீபி வழக்கில் அந்தச் சட்டத்தையே பெண்ணுக்குச் சாதகமாக வாசித்து, எதிர்காலம் முழுமைக்கும் போதிய ஏற்பாட்டை இத்தா காலத்துக்குள் செய்தாக வேண்டும் என்றார்கள். பதினாறு ஆண்டு ஓட்டம். 2022இல் எங்கள் எல்லைக்கு அப்பால், கர்நாடக உயர் நீதிமன்றம் குர்ஆன் மொழிபெயர்ப்பையும் உரையையும் எடுத்து வைத்துக்கொண்டு ஹிஜாப் மதத்தின் இன்றியமையாத பகுதி அல்ல என்று முடிவு சொன்னது. அதே ஆண்டு உச்ச நீதிமன்றத்தின் இரு நீதிபதிகள் ஆளுக்கொரு தீர்ப்புச் சொன்னார்கள். ஓசூரிலிருந்து பேருந்தில் ஒரு மணி நேரத் தொலைவில், கல்லூரி வாசலில் மாணவிகள் நிறுத்தப்பட்டார்கள். அங்கேயும் வேதத்தின் பொருள் பற்றிப் பெரிய விவாதம் நடந்தது. தேர்வெழுத வந்த பெண் மட்டும் வாசலுக்கு வெளியே நின்றாள். மரத்தடி வேறு, வாசல் வேறு, நிற்பவள் ஒருத்தியே.

இரண்டு பக்கமும் நெருப்பு இருக்கும் இடம் இது. உள்ளிருந்து கேட்டவர்களுக்கு என்ன நடந்தது என்பதும் நமக்குத் தெரியும். தக்கலைக் கவிஞர் ஹெச்.ஜி. ரசூல் 'மைலாஞ்சி' தொகுப்புக்காக எதிர்ப்பைச் சந்தித்தார், பின்னர் ஊர்விலக்கும் செய்யப்பட்டார். 2017 மார்ச்சில் கோவையில் திராவிடர் விடுதலைக் கழகத்தைச் சேர்ந்த பாரூக் கடவுள் மறுப்புப் பேசியதற்காகக் கொல்லப்பட்டார். அவர் என் அப்பா போன்றவர். தான் பிறந்த வீட்டின் நூலைத்தான் கேள்வி கேட்டார். அவரை மறந்துவிட்டு, புண்படுத்தக்கூடாது என்ற ஒரே காரணத்துக்காக எல்லாக் கேள்வியையும் மூடிவைப்பது எனக்கு நேர்மையாகப் படவில்லை. அதே நேரம், முஸ்லிம் என்பதற்காக வாடகைக்கு வீடு மறுக்கப்படும் ஊரில், அவர்கள் வேதத்தின் பிழைப்பட்டியலைக் கைப்பேசியில் வைத்துக்கொண்டு திரிவதைப் பகுத்தறிவு என்று அழைக்கவும் எனக்கு வாய் வரவில்லை. என் மாணவன் வாசித்த பதினாறு முரண்களில் ஒன்றுகூட ஆபாவைப் பற்றியதில்லை. படைப்பு எத்தனை நாளில் நடந்தது, மறுமை நாளின் அளவு எவ்வளவு என்பவைதான் இருந்தன. வெல்வதற்காகச் சேர்த்த பட்டியலில் பெண்ணின் வாழ்க்கை வருவதில்லை.

இங்கே என்னை நானே மறுக்க வேண்டிய ஓரிடம் இருக்கிறது. நல்ல வசனத்தை எடுத்துக் கெட்ட வசனத்தைத் தீர்ப்பது எங்களுக்கு எளிது. கணவன் மனைவிக்கு இடையே அன்பையும் கருணையையும் வைத்தான் என்னும் 30:21ஐ முன்னால் நிறுத்தலாம். ஆணையும் பெண்ணையும் இணை இணையாகச் சொல்லிச் செல்லும் 33:35ஐ நிறுத்தலாம். ஆனால் 4:34 அங்கேயே இருக்கிறது. ஆண்களைப் பெண்கள்மேல் பொறுப்பாளர்களாக்கி, பணியாத மனைவியை முதலில் அறிவுரையால், பிறகு படுக்கையில் ஒதுக்கி, கடைசியில் அடித்துத் திருத்தலாம் என்று பெரும்பான்மை உரைகள் பொருள் கொள்ளும் வசனம். அந்த வினைச்சொல்லுக்கு அடிப்பது என்று பொருளில்லை, விலகிப்போவது என்று பொருள் என 2007இல் லாலே பக்தியார் தன் மொழிபெயர்ப்பில் எழுதினார். ஆமினா வதூத் இந்த வசனத்தோடு பல ஆண்டுகள் மல்லுக்கட்டினார். எல்லா விளக்கங்களையும் முயன்ற பிறகு, ஒரு கட்டத்தில் நம்பிக்கை கொண்ட பெண்ணாகவே இந்த இடத்தில் நான் 'இல்லை' என்று சொல்கிறேன் என்ற நிலைக்கு வந்தார். அவர் மதத்தைவிட்டு வெளியேறவில்லை. முரணைத் தீர்த்துவிட்டேன் என்றும் பாசாங்கு செய்யவில்லை.

அந்த 'இல்லை'தான் எனக்கு வழி காட்டியது. முரணின்மை ஒரு நூலின் அழகாக இருக்கலாம். அது நீதி அல்ல. பெண் போற்றப்படும் இடத்தில் தேவர்கள் மகிழ்வர் என்கிற மனுவின் நூல், பெண்ணுக்கு எந்தப் பருவத்திலும் சுதந்திரம் தகாது என்றும் சொல்கிறது. முதல் வரியை நீக்கிவிட்டால் மனு முற்றிலும் முரணில்லாதவர் ஆகிவிடுவார். நமக்கு அதனால் என்ன கிடைக்கும்? திருக்குறளை அறநூலாகப் போற்றும் நாம், 'பெண்வழிச் சேறல்' அதிகாரம் வந்ததும் உரையை இழுத்துப் போர்த்திக்கொள்கிறோம். பெரியார் போர்த்திக்கொள்ளவில்லை. 'பெண் ஏன் அடிமையானாள்?' நூலில் வள்ளுவரையும் கற்பையும் நேரடியாகவே கேள்விக்கு நிறுத்தினார், குறளைத் தூக்கி எறியாமலேயே. முழுக்க ஒத்திசைவோடு ஒடுக்கும் நூலைவிட, ஓரிடத்தில் தடுமாறி ஒரு சன்னலைத் திறந்துவிடும் நூல் பெண்ணுக்கு உதவும். ஆபா 129ஆம் வசனத்தைப் பிடித்துக்கொண்டு கேள்வி கேட்டது அந்தச் சன்னல் வழியாகத்தான்.

எனவே முரண் உண்டா என்ற கேள்விக்கு, உண்டு அல்லது இல்லை என்று ஒரு விரிவுரையாளராக நான் சொல்ல வேண்டியதில்லை என்று இன்று நினைக்கிறேன். நான் அந்த நம்பிக்கைக்குள் இல்லாதவள். தீர்ப்புச் சொல்லும் இடத்தில் நான் உட்காரக்கூடாது. ஆனால் மூன்று கேள்விகளை எந்த நூலின் முன்னும் வைக்க எனக்கு உரிமை உண்டு, என் மாணவிகளுக்கும் உண்டு. இந்த இரண்டு வரிகளைப் பொருத்தியவர் யார்? பொருத்தும்போது யார் அறைக்குள் இருந்தார்கள், யார் வெளியே? பொருத்தியதன் விலையைக் கொடுத்தது யார்? இந்தக் கேள்விகள் குறளுக்கும் மனுவுக்கும் குர்ஆனுக்கும் ஒன்றுதான். எங்கள் வீட்டுத் திண்ணைக்கும் ஒன்றுதான். அப்பா முரண்களை அடுக்கிச் சிரித்த அந்த நாட்களில் எல்லாருக்கும் காபி போட்டுக்கொண்டு உள்ளே நின்றது அம்மா. பெண் விடுதலை பேசிய அந்தத் திண்ணையில் அம்மா ஒருநாளும் உட்கார்ந்ததில்லை. அதை மாறுகொளக் கூறல் என்று எங்களில் ஒருவரும் சொன்னதுமில்லை.

அடுத்த ஆண்டு அதே பாடம் வந்தபோது, அந்த மாணவி மூன்றாம் ஆண்டுக்குப் போயிருந்தாள். வகுப்புக்கு வந்து அரைமணி நேரம் பேச முடியுமா என்று கேட்டேன். 'நானா மேம்? எங்க வீட்ல திட்டுவாங்க' என்றாள். இரண்டு நாள் கழித்து வந்து, 'வீட்ல சொல்லிட்டேன், உரை பத்தித்தானே பேசப் போறேன்னு' என்றாள். வந்தாள். ஊழையும் ஆள்வினையையும் கரும்பலகையில் ஒரு பக்கம் எழுதினாள். மறுபக்கம் 234, 240 என்று எழுதினாள். பரிமேலழகரையும் முஜாஹிதையும் அடுத்தடுத்து வைத்து, முரண் என்று தோன்றும் இடத்தில் உரையாசிரியர் என்ன செய்கிறார் என்று விளக்கினாள். நான் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து கேட்டேன். முன்பு பட்டியல் வாசித்த மாணவனும் கேட்க வந்திருந்தான். அவன் எழுந்து கேட்டான்: 'அப்ப 4:34க்கு என்ன சொல்வே?'

வகுப்பு அமைதியானது. நான் எழுந்து குறுக்கிடலாமா என்று யோசித்தேன். அவள் சாக்பீஸைக் கீழே வைத்துவிட்டு, 'அதை நான் இன்னும் படிச்சிக்கிட்டிருக்கேன். எங்கம்மாகிட்ட அதைப் பத்திப் பேசினேன். அவங்களும் படிக்கறேன்னு சொல்லியிருக்காங்க. படிச்சி முடிச்சிட்டு நாங்களே சொல்றோம்' என்றாள்.

நான் குறுக்கிடவில்லை.